மணலாற்றில் போட்ட பச்சைக் கொப்பு

கசமுலாவுக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. விலங்கு பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகிற காட்டு வண்டியின் மூக்கில் பொருத்திய இருக்கையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்தபடியே வருவது அவன் வேலை. புல் ஏன் சாய்ந்தது, குருவி யாரைப் பார்த்துக் கத்தியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் தடம் பிடிபடும். ஆனால் அந்தப் புத்தியை மனுஷன் வீட்டுக்கும் கொண்டுபோனான் பாருங்கள், அங்கேதான் வினை. சட்டியில் சோளக்களி கொஞ்சம் குறைந்தால் போதும், "யாருடி வந்துட்டுப் போனது?" என்பான்.

"உங்க சந்தேகம்தான் வந்து தின்னுட்டுப் போச்சு" என்பாள் பெண்டாட்டி பாசானி.

கல்யாணத்துக்குப் பரிசமாக அவன் ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்த மாடுகளில் ஒன்று நோஞ்சான் என்று மாமனார் அன்றைக்கு முணுமுணுத்தார். நல்ல மாட்டை ஒளித்துவிட்டு நோஞ்சானைக் காட்டினார் என்று இவன் இன்றைக்கும் சாதிக்கிறான். மாமனார் செத்தே போய்விட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை.

அவன் வண்டியை ஓட்டுகிறவன் ரிசிமாட்டி, பாசானியின் தம்பி. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இருவரும் தினமும் தேடிப் போவது நான்கு ஆண் சிங்கங்களை. கூடப் பிறந்து, கூடத் திரிந்து, மற்ற ஆண்களை அடித்து விரட்டிக் காட்டையே வளைத்துப்போட்ட அண்ணன் தம்பிகள். மூத்ததற்கு முன்காலில் முள்ளம்பன்றி முள் ஏறியதிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் நடை. அதனால் அதற்கு நொண்டியண்ணன் என்று பெயர். ஊரில் ஒரு மனுஷனையும் நம்பாத கசமுலா அந்தச் சிங்கத்தின்மேல் உயிரையே வைத்திருந்தான்.

அந்த நொண்டியண்ணனைத்தான் கொஞ்ச நாளாகக் காணோம்.

காட்டின் மேற்கெல்லை மணலாறு. தண்ணீர் கிடையாது, வேலியும் கிடையாது. அக்கரையில் வேட்டைப் பண்ணை. அனுமதிச் சீட்டு வாங்கினவன் சுடலாம், கேட்பாரில்லை. இக்கரையில் விருந்தாளிகள் படம் பிடிக்கிற சிங்கம், அக்கரை ஏறிவிட்டால் சுவரில் மாட்டுகிற தலை. அங்கே தடம் பார்க்கிற மகேசி இவர்கள் ஊர்க்காரன். போன வாரம் ரிசிமாட்டியும் அவனும் மருலாப் பழக் கள்ளுப் பானைக்கு இருபுறமும் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைக் கசமுலா பார்த்தான். இவன் கிட்டே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"என்னடா மச்சான், அவன்கூட அப்படி என்ன சிரிப்பு?"

"சும்மா ஊர்க்கதை மாமா."

ஊர்க்கதையாம்! இவனைக் கண்டதும் ஏன் வாயை மூட வேண்டும்? அன்றிலிருந்து கசமுலாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வண்டி கழுவப் போகிறேன் என்று காலையில் கிளம்புகிற ரிசிமாட்டி, வண்டியைக் கழுவாமலே திரும்புவதையும் கவனித்தான். சிங்கம் இருக்கிற இடத்தைக் காட்டுகிறவனுக்கு அக்கரையில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும்.

ஒருநாள் விடிந்ததும் தனியாக நடந்து மணலாற்றுக்குப் போனான். மணலை யாரோ இலைக்கொப்பால் கூட்டியிருந்தார்கள், கரையிலிருந்து கரை வரைக்கும். ஓரத்தில் ஒரு பூட்ஸ் தடம், குதிகாலில் ஒரு துண்டு இல்லாமல். கசமுலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவனுடைய தடம்! நான் எப்போதடா இங்கே வந்தேன் என்று ஒரு கணம் தன்னையே சந்தேகப்பட்டான். பிறகுதான் உறைத்தது. அவனுடைய பழைய பூட்ஸைப் பாசானி தம்பிக்குக் கொடுத்திருந்தாள்.

"அட பாவி, என் பூட்ஸைப் போட்டுக்கிட்டே எனக்குக் குழி வெட்டுறியா?"

கூட்டின இடத்தைத் தாண்டி, அக்கரைமேல் நாணலோரம், இழுத்து நடந்த அந்தக் காலடி. புதுசு. குனிந்து அதன் விளிம்பை விரலால் தொட்டான். நொண்டியண்ணன் உயிரோடுதான் இருக்கிறான்! உடனே ரிசிமாட்டியைக் கையோடு இழுத்து வந்து காட்டி, நாலு கேள்வி கேட்க வேண்டும். கை தானாக ஒரு மொபானி மரக் கொப்பை ஒடித்தது. கடைசித் தடத்தின் பக்கத்தில் பச்சைக் கொப்பைப் போட்டு, நுனியை விலங்கு போன திசையில் வைப்பது ட்சோங்கா இனத் தடக்காரர்கள் எல்லாருக்கும் மூச்சு விடுவதுபோல. தேடுகிறவன் திரும்பி வரும்போது விட்ட இடத்தில் தொடரலாம். போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

ரிசிமாட்டி வண்டிக்கொட்டகையில் இருந்தான். கசமுலா அவன் சட்டையைப் பிடித்தான்.

"நொண்டியண்ணனை எவ்வளவுக்குடா பேசி முடிச்ச?"

"என்ன மாமா உளறுறீங்க?"

"மணலைக் கூட்டினது நீதானே? நான் பார்க்கக் கூடாதுன்னுதானே கூட்டின?"

"நீங்க இல்ல மாமா, மகேசி பார்க்கக் கூடாதுன்னு!" ரிசிமாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "கால் வலியில அண்ணன் அக்கரை நாணல்ல போய்ப் படுத்துக்குது. தினமும் அது போன தடத்தை அழிச்சுட்டு வரேன். மகேசிக்கு எவ்வளவு தெரியும்னு வாயைக் கிண்டத்தான் கள்ளு வாங்கிக் குடுத்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா கேடு?"

"உங்ககிட்ட சொன்னா ஊர்ல ஒருத்தர் விடாம விசாரிப்பீங்க. தெரியாதவனுக்கும் தெரிஞ்சுடும்." சட்டையைச் சரிசெய்துகொண்டவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஆமா, இன்னைக்கு நாணல்கிட்ட கொப்பு எதுவும் போட்டுட்டு வரலையே?"

"ஓட்டுடா வண்டியை!" என்று கசமுலா முன்னிருக்கையில் தாவி ஏறினான்.

வண்டியை விரட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் வெடிச்சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. ரிசிமாட்டி வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்து என்ன, கூட்டி என்ன, எல்லாம் முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

மகேசி ஆற்று மணலில் இறங்கி வந்தான். கையில் அந்தக் கொப்பு, இலை இன்னும் வாடவில்லை.

"கசமுலாண்ணே, உங்க கைதானே? நுனியைக் கச்சிதமா வெச்சிருந்தீங்க. எங்க வேட்டைக்காரரு நேரா போய் நின்னுட்டாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, என் பொழப்பும் இதுதான்."

அன்று சாயங்காலம் மற்ற மூன்றும் ஆற்றங்கரையில் நின்று கத்தின. விட்டு விட்டு, பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து கத்தின. ஊர் வரைக்கும் கேட்டது. பாசானி களியைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு மேல்துணியால் கண்ணைத் துடைத்தாள். தம்பியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"யாருங்க காட்டிக் குடுத்தது? உங்களுக்கு யாரு மேலயாவது சந்தேகம் இருக்குமே?"

கசமுலா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரும் காட்டலக்கா" என்றான் ரிசிமாட்டி, தலையைத் தூக்காமல். "காத்துல ஒடிஞ்சு விழுந்த கொப்பு. மகேசி தப்பா நினைச்சுட்டான். மாமாவுக்குக் களி போடு."