பிரோஜா பச்சையான நாள்

கந்தன் பதினெட்டு வருஷமாக செல்போன் டவர் ஏறுகிறவன். திருத்தணியிலிருந்து நகரி வரைக்கும் அவன் கால் படாத டவர் குறைவு. போன ஆடியில், கூட வேலை செய்த ஒருவன் ஆந்திரா பக்கம் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்கப்புறமும் கந்தன் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய்வந்தான். அவன் மனைவி அனுசுயாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் ராசிக்கல் விற்கும் தணிகைமணியிடம் போய், வானத்து நிறத்தில் கல் பதித்த வெள்ளி மோதிரம் ஒன்றை வாங்கிவந்து அவன் விரலில் மாட்டினாள்.

"பேரு பிரோஜாவாம். பாரசீகத்துச் சுரங்கத்துல எடுக்கறது. துருக்கிக்காரங்க வழியா போனதால வெள்ளைக்காரங்க துருக்கிக் கல்லுனே பேரு வெச்சிட்டாங்களாம். அந்தக் காலத்துல குதிரை ஏறுறவங்க இத்த போட்டுகினுதான் போவாங்களாம். கீழ உழுந்தா அடிய கல்லு வாங்கிக்குமாம்."

"நான் இன்னா குதிரையா ஏறுறேன்?" என்று சிரித்தான்.

"சிரிக்காதய்யா. ஆபத்து வர்றதுக்கு முந்தியே நிறம் மாறிக் காட்டுமாம்."

அந்த ஒரு பேச்சு அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கையுறையைக் கழற்றும்போதெல்லாம் கண் முதலில் கல்லுக்குத்தான் போகும்.

பங்குனி வெயிலில் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு டவர். நாற்பது மீட்டர் உயரத்தில் நட்டு முடுக்கக் கையுறையைக் கழற்றினான். கல் பாசி பிடித்த மாதிரி பச்சையாகக் கிடந்தது.

கை இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இடுப்பு பெல்ட்டைப் பார்த்தான். டவர் கம்பியில் மாட்டவேண்டிய இரண்டு கொக்கியில் ஒன்றுதான் மாட்டியிருந்தது. வேலை சுருக்க முடியட்டும் என்று பல வருஷமாக அப்படித்தான் விட்டுவந்தான். கீழே கரும்புத் தோட்டம் சுற்றுகிற மாதிரி இருந்தது.

காதில் மாட்டியிருந்த போனில், கீழே நின்றிருந்த கூட்டாளி ராஜவேலுவின் குரல் வந்தது. "இன்னாடா, அப்படியே நின்னுகினு இருக்க?"

"அண்ணே, கை வரலண்ணே."

ராஜவேலு அண்ணாந்து பார்த்தபடி, "கீழ பாக்காத. அந்த இன்னொரு கொக்கிய மாட்டு. மாட்டிட்டு எனக்குச் சொல்லு" என்றான்.

அதை மாட்டவே கால்மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி ராஜவேலு அவனை இறக்கினான். தரையில் கால் வைத்ததும் வேலி ஓரமாகப் போய் வாந்தியெடுத்தான்.

சாயங்காலமே தணிகைமணி முன்னால் மோதிரத்தை வைத்தான்.

"இது பொடிப்பொடியா ஓட்டை இருக்கற கல்லுப்பா. வேர்வை, எண்ணெய், கிரீஸு எல்லாத்தையும் குடிக்கும். கையுறைக்குள்ளாரவே ஊறிகினு இருந்தா பச்சையாத்தான் போவும்."

"அப்ப ஆபத்தக் காட்டும்னு சொன்னது?"

"பெரியவங்க காலத்துலேர்ந்து சொல்லிகினு வர்றது. நானும் சொன்னேன்." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் மோதிரத்தைத் திரும்ப விரலில் மாட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் மோதிரத்தை அனுசுயா கையில் கொடுத்தான். "கல்லு ஒண்ணும் பண்ணல. கூட வேலை செஞ்சவன் செத்த அன்னிலேர்ந்தே எனக்கு பயமாத்தான் இருக்குது" என்றான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அரக்கோணத்தில் வேறு வேலை தேடலாம் என்றாள். தேடினார்கள், இன்னும் அமையவில்லை.

அதுவரை ஏறத்தான் வேண்டியிருக்கிறது. இப்போது இரண்டு கொக்கியையும் மாட்டி, ஒவ்வொன்றாக மேலே மாற்றி மாற்றித்தான் ஏறுகிறான். ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. போன வாரம் சூப்பர்வைசர் கத்தினார்.

"பயமா இருக்குதுங்க சார். மெதுவாத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, ஏணியைப் பிடித்தான்.