என் வீட்டுக்காரருக்கு நடந்த சுன்னத்து

கல்யாணமாகி ஏழு மாதம் என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே படுத்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமியார், மாமனார் இரண்டு பேருமே நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, இல்லையென்றால் வேறு யாரோ இருக்கிறாள் என்று நானாகவே முடிவுகட்டி, மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது. ஆனால் இதை மட்டும் எப்படிக் கேட்பது?

ஒரு நாள் மத்தியானம் கொல்லைப்பக்கம் போனேன். வேலியோரம் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. வலி தாங்காமல் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார்.

“என்னாய்யா இது?”

“ஒண்ணுமில்ல, சூடு. வெயில்ல கட்டுமரம் ஓட்டுறவனுக்கு வராதா?”

கடலுக்குப் போகிறவர்களுக்கு எல்லா நோயும் சூடுதான். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், நீராகாரம் கொடுத்தேன். மூன்றாம் நாள் குளிர்ஜுரம் வந்தது. எனக்கு வந்ததே கோபம். “இன்னா ஏதுன்னு இப்ப சொல்லலன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அப்புறம் நீயே கெடந்து சாவு!” என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அங்கே தோல் பின்னால் போகாதாம். இப்போது சுருங்கி, புண்ணாகி, சீழும் வைத்துவிட்டதாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அட பாவி மனுஷா, இதற்காகவா நான் ஏழு மாதம் அழுதேன் என்றிருந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன்.

கடலூரில் காட்டினால் எங்கள் குப்பத்து ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால், நைலான் நூல் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். நைலான் வலை அப்போது புதுசு, எல்லோரும் நம்பினார்கள்.

டாக்டர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. “முன்தோல் இறுகிப்போச்சு. எடுத்துடணும். பாய் வீடுகள்ல பசங்களுக்குப் பண்றாங்களே, அதேதான். குழந்தைன்னா ஒரு வாரத்துல ஆறிடும். உங்களுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வேன், பயப்படாதீங்க” என்றார். முதலில் மாத்திரை கொடுத்து ஜுரத்தை இறக்கினார். அறுத்தபிறகு கட்டு நனையக்கூடாது, ரத்தம் நிற்காமல் வந்தாலோ ஜுரம் திரும்பினாலோ உடனே ஓடிவர வேண்டும், மூன்று வாரம் கடலில் இறங்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்க்காமல், “ஒன்றரை மாசம் தனியா படுக்கணும்” என்றார். ஏழு மாதம் இருந்தவளுக்கு ஒன்றரை மாதம் பெரிசா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

அறுத்தபின் அந்த மூன்று வாரமும் சிதம்பரத்திலேயே, எங்களிடம் கருவாடு வாங்கும் பாய் வீட்டில் தங்கினோம். இவரும் அவரும் மச்சான், மச்சான் என்று பழகியவர்கள். பாயின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல இவர் கூசினார். அந்த அம்மாவோ, “எம் மூணு புள்ளைங்களுக்கும் பார்த்தவ நான். நீ நாலாவது. சும்மா படு” என்று கோரைப்பாயை விரித்துவிட்டார்கள். துணி புண்ணில் உரசக்கூடாது என்று உத்தரத்தில் கயிறு கட்டி, இடுப்புக்கு மேலே வெள்ளை வேட்டியைக் கூடாரமாகத் தூக்கிக் கட்டினார்கள். அவர்கள் வீட்டில் சுன்னத்து செய்த பிள்ளைகளை அப்படித்தான் படுக்க வைப்பார்களாம். காலையில் நல்லெண்ணெயில் முட்டை, சாயங்காலம் உளுத்தங்கஞ்சி. என் அம்மாகூட என்னை அப்படிக் கவனித்ததில்லை.

பாயின் கடைசிப் பையனுக்கு ஆறு வயது. அவனுக்குப் போன வருஷம்தான் ஊரையே கூட்டி சுன்னத்து நடந்திருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கு வலிக்கவேயில்ல மாமா. நீங்க ஏன் மூஞ்ச சுளிக்கிறீங்க?” என்று தைரியம் சொல்வான். அவர்கள் வீட்டில் அது மாலை போட்டுக் கொண்டாடுகிற விஷயம். அதனால் அவனுக்கு மறைக்கத் தெரியவில்லை. வாசலுக்கு மீன் விற்க வந்த கூடைக்காரியிடம், “எங்க வூட்டு மாமாவுக்கு சுன்னத்து ஆயிருக்கு, வந்து பாக்குறியா?” என்று பெருமையாகக் கேட்டிருக்கிறான். அவள் எட்டிப் பார்த்தாள். அவள் எங்கள் குப்பத்துக்காரி. கூடையில் மீன் மிச்சமிருக்கும்போதே பஸ் ஏறிவிட்டாள்.

நாங்கள் ஊர் திரும்பியபோது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரோடு கட்டுமரம் ஏறுகிறவர்கள் இவர் வந்ததும் எழுந்து போனார்கள். மறுநாள் சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். ஆம்பிளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக்கொட்டகைக்குப் பின்னால் நின்றோம். கூட்டத்தில் பெண் வாய் திறக்கிற வழக்கமே கிடையாது.

ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அவர் கேட்டார்: “பாயா மாறிட்டியாமே?”

“மாறல.”

“பின்ன எதுக்கு அறுத்துக்கின?”

இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நாட்டார் இரண்டாம் தரம் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார்.

“வாயத் தொறக்கலன்னா ஊர வுட்டுத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.”

ஊரை விட்டுத் தள்ளிவைத்தால் மரத்தில் இடமில்லை, கிணற்றில் தண்ணீரில்லை, செத்தால் தூக்க ஆளில்லை. அது அவருக்கும் தெரியும். அப்படியும் அவர் வாய் திறக்கவில்லை. என் கால் தானாக நடந்தது. பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டுப் போனேன்.

“அவரு மாறல. அவரால ஒண்ணுக்குப் போவ முடியல. தோலு இறுகி சீழ் புடிச்சி, ஜுரத்துல சாவக் கெடந்தாரு. டாக்டரு அறுத்தாரு, பாய் வூட்டம்மா பெத்த புள்ள மாதிரி பார்த்துக்கினாங்க. நம்ம ஊர்ல இத யாருகிட்ட சொல்றது? சொன்னா சிரிச்சிருக்க மாட்டீங்க? இங்க ஒக்காந்துக்கினு இருக்குறவங்கள்ல இன்னும் எத்தினி பேரு சூடு, சூடுன்னு சொல்லிக்கினு இருக்காங்களோ!”

ஒருவரும் சிரிக்கவில்லை. நாட்டார் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாளைக்கு மரத்துக்கு வாடா” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும்போது இவர் பத்தடி முன்னால் நடந்தார். இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடலுக்குப் போனார், வந்தார், படுத்தார். ஊருக்கே கேட்கும்படி அவர் மானத்தை வாங்கிவிட்டோமே, இனி இந்த மனுஷன் என்னோடு வாழ்வாரா என்று இரண்டு ராத்திரியும் தூங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை கரைக்கு வந்தவர் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“எங்கப்பாவுக்கும் இதேதான்டி இருந்துது. ஜுரம் வந்து எட்டு நாள்ல போயிட்டாரு. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். வாயத் தொறந்து யார்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரு.”