மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்த டிரைவர்

போன வாரம் ஒரு கம்ப்யூட்டரை மூட்டை கட்ட இருந்தோம். கூடவே ஜெயசீலனையும்!

ஜெயசீலன் எங்கள் மதுரை காளவாசல் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன். ஒரு நூல் மில்லுக்கு நாங்கள் கொடுத்த கம்ப்யூட்டரில் பிரிண்டரை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். எங்கள் பாஷையில் அதற்கு டிரைவர் என்று பெயர்.

ஒருவர் பிரிண்ட் எடுத்தால் ஓடும். மூன்று பேர் சேர்ந்து கேட்டால்... மொத்த மிஷினும் படுத்துவிடும்.

மில் முதலாளி பொரிந்து தள்ளினார். "நூல் அறுந்தாக்கூட மில்லு ஓடுதுய்யா. புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் தூக்கிட்டுப் போயிருங்க."

எங்கள் மேனேஜர் அதற்கும் ஒருபடி மேலே போனார். "மிஷின் திரும்பி வந்தா நீயும் வீட்டுக்குப் போயிரு, ஜெயசீலா."

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரில் நண்பர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டியதும் பந்தியில் தள்ளுமுள்ளு. நான் முன்னாலேயே நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தேன். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? ஜெயசீலன்தான் பாவம், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தக் கூத்து. இடம் கிடைக்காத ஒரு சித்தப்பா, மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த இலையில் போய் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்! இரண்டு வீட்டாரும் எகிற, சாம்பார் வாளி நடுவழியில் நிற்க, மொத்தப் பந்தியும் நின்று போனது.

ஜெயசீலன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணே, நம்ம டிரைவரும் இதத்தாண்ணே பண்ணுது!"

விஷயம் இதுதான். பிரிண்ட் எடுக்க டிரைவருக்குக் கொஞ்சம் மெமரி வேண்டும். மொத்த மிஷினையும் மேய்க்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். இடம் இருந்தால் அதன் விலாசம் வரும். இல்லையென்றால்? வெறும் பூஜ்யம் வரும். அதையும் விலாசம் என்று நம்பி, எங்கள் டிரைவர் அங்கேயே போய் எழுதியிருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் தன் உயிரை வைத்திருக்கும் இடமே அதுதான்! படுக்காமல் என்ன செய்யும்?

கேட்டால் மெமரி கிடைத்துவிடும் என்று நம்பியே புரோகிராமை எழுதியிருந்தான், பாவி.

"பூஜ்யம் வந்தா எழுதாதன்னு சொல்லிரலாம்ணே. ஆனா பிரிண்ட் நின்னுருமே?"

"என் துண்டைப் பார்றா," என்றேன், வாயில் வடையோடு.

அவன் முகம் மலர்ந்ததே... அதைப் பார்க்க வேண்டும்! மறுநாளே மாற்றினோம். மிஷினைப் போட்டதும் டிரைவர் ஒரு சின்ன இடத்தில் துண்டு போட்டுவிடும். பிறகு மெமரி கேட்டுக் கிடைக்கவில்லையா? அந்தச் சின்ன இடத்தை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாக அச்சடிக்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை. முதலாளியே வந்து நின்றார்.

"மூணு பேரும் ஒண்ணா அமுக்குங்கடா. இருக்குற அம்புட்டையும் அனுப்புங்க!"

கொஞ்சம் ஓடிய பிரிண்டர் நின்றது. ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் ஒரு வரி வந்தது: 'இடம் இல்லை, பொறுக்கவும்.'

அடுத்து... கர்ர்ர் கர்ர்ர்! மெதுவாகத்தான். ஆனால் ஒரு வரி விடாமல் மூன்று பேருடையதும் வந்து விழுந்தது. ஜெயசீலனைக் கட்டிப்பிடித்துக் கத்தியே விட்டேன். ஜெயித்துவிட்டோமய்யா!

முதலாளி தாளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "மிஷின் இங்கயே இருக்கட்டும். தை மாசம் மகளுக்குக் கல்யாணம், ரெண்டு பேரும் வந்துருங்க."

"வாரோம்ணே," என்றான் ஜெயசீலன். "துண்டோட!"