மஞ்சளடித்த தேயிலையும் வெள்ளைப் பொடியும்

போன ஞாயிற்றுக்கிழமை பசறைப் பக்கம் புவனா வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். பிறந்ததிலிருந்து தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் ஏழு பேர்ச் காணியில் சொந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிறாள்.

வாசலோரம் ஒரு வரிசை தேயிலைக் கன்று வைத்திருந்தாள். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தேயிலை, இங்கேயும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவள் குடும்பத்தில் எல்லோரும் கொழுந்து பறித்தவர்கள். சொந்தமாக ஒரு செடிகூட யாருக்கும் இருந்ததில்லை. காரணம் போதாதா?

ஆனால் கன்றுகள் மஞ்சளடித்து நின்றன. இலையில் நரம்பு மட்டும் பச்சை. சிலது பட்டே போய்விட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டுக்குள் இருந்தது. கன்று பட்டதைப் பார்த்து, இது ராசியில்லாத மண் என்று யாரோ சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போக, புவனாவின் கணவர் யோகராஜ் அதையே பிடித்துக்கொண்டார். பழைய லயக் காம்பரா இன்னும் காலியாம்... அவருடைய தம்பி பார்த்து வைத்திருக்கிறாராம்... திரும்பிப் போய்விடலாம் என்கிறார். புவனாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

கன்றுக்கு என்ன போட்டாய் என்று கேட்டேன்.

"தோட்டத்துல கவாத்து வெட்டுனா வெள்ளைப் பொடி போடுவாங்கல்ல... அதத்தான் கை நெறய அள்ளிப் போட்டேன்" என்றாள்.

டொலமைட்! சுண்ணாம்புச் சத்துள்ள கல்லை அரைத்த பொடி. வருடக்கணக்காக உரம் போட்டு அமிலம் கூடிப் புளிப்பேறிய தோட்ட மண்ணுக்கு அது மருந்து — அதுவும் அளவோடு. இங்கே அத்திவாரம் வெட்டும்போதே சுண்ணாம்புக் கல்தான் வந்ததாம். அதன்மேல் இதுவும்! தோட்டத்தில் வேலை பார்த்த கைக்குத்தான் இப்படித் தோன்றும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சும்மா இருப்பேனா? யோகராஜை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனேன். வெட்டிய மண்திட்டில், வெள்ளைக் கல் இடுக்கில், ஒரு காட்டத்தி தளதளவென்று நின்றது. யார் வைத்தது என்றேன். தானாக வந்ததாம். தண்ணீரும் ஊற்றவில்லையாம். ராசியில்லாத மண்ணில் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது ராசி?

விஷயம் வேரில் இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இல்லாமல் இல்லை, இறுகிக் கிடக்கிறது. அந்த மண்ணுக்குப் பழகிய செடிகளின் வேர், கொஞ்சம் புளிப்பைக் கசியவிட்டு அதை இளக்கி எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சுண்ணாம்பை அத்தி தன் இலைக்குள்ளேயே சிறு மணிகளாக ஒதுக்கி வைத்துவிடும். தேயிலை வேருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. புளிப்பு மண்ணிலேயே வளர்ந்த பிள்ளை... முன்னால் சோறு இருந்தும் பட்டினி கிடக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். யோகராஜ் குனிந்து காட்டத்தி இலையைப் புரட்டிப் பார்த்தார். பின்னாலேயே வந்திருந்த புவனாதான் பேசினாள்.

"தேயிலை போனாப் போகட்டுங்க. இந்த மண்ணுல எது வருமோ அத வச்சுக்குவோம். லயத்துக்கு மட்டும் நான் வரமாட்டேன்."

முருங்கை நன்றாக வரும் என்றேன். ஆசைக்கு ஒரு தேயிலையை, தோட்டத்து மண் நிரப்பிய வாளியில் வைக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நேற்றுப் புவனா போன் பண்ணினாள். யோகராஜ் முருங்கைக் கம்பு நட்டுவிட்டாராம். நட்ட கையோடு தம்பியைக் கூப்பிட்டு, காம்பராவை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்கும்தான்.

மண்ணுக்கு ராசி பார்க்கிறவர்கள் வேரையும் ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?