பஸ்ஸே சேர்ந்து தாலாட்டியபோது

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாத மதியம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. சிரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் கணவர் அப்போது ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே மலைப்பாதையில் அவர் போன ஜீப் கவிழ்ந்து, தலையில் பலத்த அடி. காயம் ஆறிவிட்டது, தூக்கம்தான் போய்விட்டது. இரவெல்லாம் கூடத்தில் நடப்பார். பகலெல்லாம் கட்டிலில் கிடந்து அரைக்கண் மூடுவார். டம்ளர் உருண்டால்கூட சுள்ளென்று விழுவார். உடம்பு தேறக் கொடுத்த லீவு முடிந்து போகும்போது டாக்டர்கள் கூடிப் பரிசோதிப்பார்கள். தேறினால் யூனிட்டுக்குத் திரும்பலாம், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். பட்டாளத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதருக்கு அந்த நினைப்பே போதும், இருக்கிற கொஞ்ச தூக்கமும் ஓடிப்போக.

வீட்டுக்கு அனுப்பும்போதே ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். கட்டில் தூங்குவதற்கு மட்டும்தான். தூக்கம் கண்ணைச் சுழற்றினால்தான் படுக்க வேண்டும். வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பகலில் கண்ணயரவே கூடாது. மருந்து மாத்திரையை விட இந்தப் பழக்கம்தான் முக்கியம் என்றார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வைத்தியத்துக்கு எதிரி நோயாளி இல்லை, அவரைப் பார்க்க வருகிறவர்கள் என்று. நம் ஊரில் உடம்பு சரியில்லாதவர் என்றால் படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் வந்தவர்களுக்கு மனசு ஆறாது. நான் காலையிலேயே கயிற்றுக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பேன். சாத்துக்குடியும் ரொட்டியுமாக வருகிறவர்கள், அதை அவர்களே இறக்கிப் போட்டு, "படுங்க தம்பி, எங்களுக்காக எழுந்துக்காதீங்க" என்று அவரைச் சாய்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். ராத்திரி அவரோடு விழித்திருப்பது யார்?

எல்லோரையும் மிஞ்சியவர் என் நாத்தனார். தம்பியைக் கவனித்துக்கொள்ள கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். நான் கிணற்றடிக்குப் போனால் போதும், பாயும் தலையணையும் விரிந்துவிடும். கேட்டால், "எங்க தம்பிய தூங்க விடாம சாவடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்பார். தெருவிலும் அதே பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இத்தனைக்கும் நடுவில், அவருக்கு இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் சேர ஆரம்பித்திருந்தது. பகலில் ஒரு தரம் அசந்தால் அன்றைய இரவு பாழ். டாக்டர்களைப் பார்க்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. நாத்தனார் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து, தம்பியைக் காற்று வருகிற பக்கம் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வரிசையின் ஓரத்தில் நான். பஸ் ஊரைத் தாண்டிச் சூடான காற்று முகத்தில் அடித்ததும், இவர் தலை அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டது.

நான் எட்டி அவரை உலுக்கினேன். நாத்தனார் என் கையைத் தட்டிவிட்டார். "பாருங்க இந்த அநியாயத்த, பட்டாளத்துல தலையில அடிபட்டு வந்தவன், கண்ண மூட வுடமாட்றா" என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னார்.

அவ்வளவுதான். முன்சீட்டுக்காரர் எழுந்து வெயில் படாமல் படுதாவை இழுத்துவிட்டார். யாரோ ஒருத்தி அழுகிற பிள்ளையை அடக்கினாள். கண்டக்டர் விசில் ஊதுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மெதுவாகக் கம்பியில் தட்டியே வண்டியை நிறுத்தினார். தினமும் அந்த பஸ்ஸில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து சண்டை போடுகிற ஜனம், அன்றைக்கு என் புருஷனைத் தூங்க வைக்க ஒன்று சேர்ந்துவிட்டது.

"டாக்டர்தாங்க பகல்ல தூங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"எந்த டாக்டரும்மா தூங்காதன்னு சொல்வான்?" என்றார் முன்சீட்டுக்காரர். "மருதாணிப் பூவ தலகாணியில வெச்சித் தைச்சிப் பாரு."

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கூடையோடு என் பக்கத்தில் நின்றிருந்த அம்மா, "கசகசாவ அரைச்சிப் பால்ல குடும்மா" என்றார். கண்டக்டர் தன் பங்குக்கு, "வுடும்மா, தூங்கினு இருக்கற மனுசன எழுப்பி ஏன் பேஜாரு பண்ற?" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த நல்ல மனசுக்காரர்கள் எல்லாம் அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். வேலை போனால் இவர் முகத்தை நான்தானே பார்க்க வேண்டும்? விக்கிரவாண்டி தாண்டியதும் எழுந்து நின்று, நாத்தனாரைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் தோளைப் பிடித்துப் பலமாக உலுக்கினேன்.

கண்ணைத் திறந்தவர் முகம் சிவந்திருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எல்லோரும் எனக்கு விழப்போகிற அறைக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கும் பயம்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, கூடைக்கார அம்மாவிடம், "நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

"தலையில அடிபட்டவன் நிக்கலாமாடா, உக்காருடா" என்று பதறினார் நாத்தனார்.

"உக்காந்தா தூங்கிடுவேன்க்கா. ராத்திரிக்கு வேணும் அந்தத் தூக்கம். அவள ஒண்ணும் சொல்லாதீங்க, அவ சொல்ற மாதிரிதான் நான் கேக்கப்போறேன்."

அத்தனை நாளும் நான் எழுப்பினால் முறைத்துக்கொண்டு எழுந்தவர், அன்றுதான் தானாகக் காவலுக்கு நின்றார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வரை அப்படியே வந்தார். அதற்கும் பஸ் என்னைத்தான் திட்டியது, அடிபட்ட மனிதனை நிற்க வைத்துவிட்டேனாம்.

இதில் கொடுமை என்னவென்றால், நாத்தனார் ஜன்னலோரம் நகர்ந்துகொள்ள, எங்கள் நடுவில் உட்கார்ந்த கூடைக்கார அம்மா கூட்டேரிப்பட்டு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கணவர் சிரித்தார். ஜீப் கவிழ்ந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று இரவு தூக்கம் வந்த பிறகே படுத்தார். காலையில் வழக்கமான நேரத்துக்கு நான்தான் போய் எழுப்ப வேண்டியிருந்தது. லீவு முடிந்ததும் டாக்டர்கள் பரிசோதித்து அவரை யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பென்ஷன் வாங்கும்வரை வேலை பார்த்தார். நாத்தனார் மட்டும் கடைசிவரை, அந்தக் கூடைக்கார அம்மா சொன்னபடி தான் அரைத்துக் கொடுத்த கசகசாப் பால்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதும் பஸ்ஸிலோ ரயிலிலோ, தூங்குகிறவரை யாராவது எழுப்பினால் எனக்கும் நாக்கு துறுதுறுக்கும். ஆனால் அந்த மனிதரின் ராத்திரித் தூக்கத்தை யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்து, வாயை மூடிக்கொள்கிறேன்.