கூட்டிப் போட்ட வயசு

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், கம்ப்யூட்டர் திரையில் அக்காவின் விண்ணப்பத்துக்கு அந்தச் சிவப்பு வரி வந்தது. 'விண்ணப்பதாரர் வயது வரம்பைக் கடந்துவிட்டார்.' கடை அண்ணாச்சி இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே வரிதான். "நாலு மாசம் கூடிட்டும்மா. சர்டிபிகேட்ல இருக்குத தேதியத்தான் எடுக்கும். இனிமே ஒண்ணும் செய்ய முடியாது," என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, என் பெரியப்பா மகள், "சரி, இவளுக்குப் போடுங்க அண்ணாச்சி," என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

பள்ளி நூலகர் தகுதித் தேர்வுக்கு இரண்டு வருஷமாக நாங்கள் சேர்ந்து படித்தோம். அக்கா ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக நூலகர். தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் சோம்பேறி, அவளோ பேய் மாதிரி படிப்பாள். கண்ணில் பட்டதற்கெல்லாம் நூல் பகுப்பு எண் கேட்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, "ஏட்டி, சமையல் புஸ்தகம் எந்த நம்பர்ல வரும்?" என்பாள். நான் முழிப்பேன். "அறுநூத்தி நாப்பத்தொண்ணு. திங்க மட்டும் தெரியுதுல்லா?" பூ மார்க்கெட்டில் எடை போடும் பெரியப்பா பிச்சிப்பூ வாசத்தோடு உள்ளே நுழைந்தால், "அறுநூத்தி முப்பத்தஞ்சு வந்தாச்சு," என்று பூச்செடிப் புத்தகங்களின் எண்ணைச் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு ஒன்றும் புரியாது, கூடவே சிரிப்பார்.

அந்த நாலு மாதம் எப்படிக் கூடியது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்போதெல்லாம் பள்ளியில் சேர்க்க, பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். அக்காவுக்கு எட்டவில்லை. பெரியப்பா அவள் தலையைச் சாய்த்துப் பிடித்துத் தொட வைத்து, வயதில் இரண்டு வருஷத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார். "பூ பொதிஞ்சு வந்த பேப்பர எழுத்துக்கூட்டி வாசிச்சா வே! அவள வீட்ல வச்சிருக்க முடியுமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அக்கா மனசில் ஓடிக்கொண்டிருந்ததோ நிஜ வயது; அதன்படி வரம்புக்கு இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது. தேர்வு அறிவிப்பு இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்ததில் சர்டிபிகேட் வயதை இரண்டு பேருமே மறந்துபோனோம். மடச்சிகள்.

பெரியப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள். "தன்னாலதான்னு தெரிஞ்சா அப்பா உடைஞ்சு போயிருவாவ."

தேர்வன்று காலையில் அவளும் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டாள். பெரியப்பா எங்கள் இருவருக்கும் பூ கொடுத்துவிட்டு, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "மக பரிச்சைக்குப் போறா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தென்காசியில் நான் உள்ளே எழுதினேன். அவள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும் பஸ்ஸில் வினாத்தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முழித்துவிட்டு வந்த கேள்விகளுக்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது?

நான் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். இப்போது ராயகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகர். அக்காவை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை மடிக்கிறாள். என் நாற்காலி எனக்குத் திருட்டுப் பொருள் போலத்தான் இருக்கிறது.

முடிவு வந்த அன்று பெரியப்பா என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ, மக்கா?"

"பெயிலாயிட்டேம்ப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சின்னதுலேருந்தே உன்னியப் பெரிய அறிவாளின்னு நெனச்சிட்டேன். எம் மேலதான் தப்பு," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை நெரித்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "எனக்கு அவ்வளவுதான் படிப்பு வரும்."