நாற்பதிலேயே நின்ற கோடு

என் அக்கா புருஷன் முட்டை வண்டி ஓட்டுகிறார். பண்ணையிலிருந்து நகரத்துச் சந்தைக்கு நூற்றறுபது கிலோமீட்டர். இருபத்திரண்டு வருடமாக அதே சாலை, அதே நாற்பது கிலோமீட்டர் வேகம். மேடோ பள்ளமோ, முள் நாற்பதை விட்டு அசையாது. பண்ணையில் முட்டைத் தட்டு அடுக்குவது என் வேலை. மாமா வண்டி என்றால் மட்டும் கயிறு கட்ட எனக்குச் சோம்பல் வரும், ஏனென்றால் தேவையே இல்லை.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் ஒரே நடை, அடுப்பில் துணி பற்றிக்கொண்டது என்று கத்தினாலும் அதே நடை. அக்கா பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போன வருடம் முதலாளி எல்லா வண்டியிலும் ஒரு கருவி மாட்டினார். பொத்தானை அழுத்தினால் அன்றைய ஓட்டத்தைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைந்து தள்ளும். படுக்கைவாட்டில் நேரம், செங்குத்தாக வேகம். அதைப் படிக்க ஒரு மேற்பார்வையாளரையும் வைத்தார். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது.

மூன்றாம் நாளே மாமாவைக் கூப்பிட்டார்கள்.

“கோடு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நாலு மணி நேரம் வண்டி ஒரே இடத்துல நின்னுருக்கு. ரோட்டோரம் போட்டுட்டுத் தூங்கிருக்கீங்க” என்றார் மேற்பார்வையாளர்.

“ஐயா, முட்டை பத்தரைக்கே சந்தையில இறங்கிடுச்சே.”

“அது எப்படிப் போச்சுங்கறது வேற விசாரணை. அத அப்புறம் வச்சுக்கலாம்.”

பக்கத்து வண்டிக்காரரின் தாளைச் சுவரில் ஒட்டி, உழைப்பாளி என்று எழுதியிருந்தார்கள். ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கோடு. அவர் சரக்கில் பாதி முட்டை வழியிலேயே கூழாகியிருந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமைக்குள் மாமாவின் கோட்டிலும் ஏற்ற இறக்கம் தெரியாவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மாமா வண்டியை அழுத்தி விட்டார், பிரேக் பிடித்தார், மறுபடி அழுத்தினார். நாற்பத்தொரு முட்டை உடைந்தது. திரும்பி வந்ததும் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அக்கா தையல்காரி. மாமாவின் பழைய தாளை வாங்கித் தையல் மேசையில் விரித்தாள்.

“நின்னுருந்தா கோடு அடியில, பூஜ்யத்துல கிடக்கணும். இது நாப்பது உசரத்துல போகுது. துணிய நீளம் மட்டும் பாத்தா அளப்போம்? அகலமும் வேணும்ல. கோட்டுக்குக் கீழ இருக்குற இடம் எவ்வளவுன்னு பாரு” என்றாள்.

ஒரு கட்டம் பத்து கிலோமீட்டர் வேகம் உயரம், அரை மணி நேரம் அகலம். அதாவது கட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர். நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் முப்பத்திரண்டு கட்டம். பெருக்கினால் நூற்றறுபது. எங்கள் சாலை முழுவதும் அந்தக் கோட்டுக்கு அடியில் மடித்து வைத்தது போல இருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தாளை நீட்டினோம். “கட்டம் எண்றதெல்லாம் தையக்கடையில வச்சுக்கங்க. நானே வண்டியில வந்து பாக்குறேன்” என்று மேற்பார்வையாளர் ஏறிக்கொண்டார். வண்டி நிற்கும்போதெல்லாம் குறித்துக்கொள்ள மடியில் நோட்டுப் புத்தகம். நான் நடுவில் உட்கார்ந்தேன். மாமா நாற்பதைப் பிடித்தார். கிளம்பிய சில நிமிடங்களிலேயே பேனா கீழே விழுந்தது.

பத்தரைக்குச் சந்தையில் வண்டி நின்றது. அப்போதுதான் மேற்பார்வையாளர் கண்ணைத் திறந்தார்.

“இன்னும் கிளம்பலையா? மணி என்ன ஆச்சு?”

“இறங்கிப் பாருங்க ஐயா” என்றார் மாமா.

இறங்கினார். சந்தையை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு வியாபாரியிடம் இது எந்த ஊர் என்று கேட்டார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார். தாளில் மறுபடியும் அசையாத கோடு. வண்டிப் படியில் உட்கார்ந்து விரலால் கட்டங்களை எண்ணினார், முதலிலிருந்து மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டு.

நெடுநேரம் யோசித்து அறிக்கை எழுதி மாமாவிடம் கொடுத்தார். “நான்கு மணி நேரத் தூக்கம் உறுதியாகிறது. தூங்கியவர் ஓட்டுநர் அல்ல. வேலையில் நீடிக்கலாம்.”

மாமா அதை நான்கைந்து முறை படித்தார். மேற்பார்வையாளர் அதற்குள் வண்டியில் ஏறி, தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

“போறப்பவும் கோடு அசையாம பாத்துக்கங்க” என்றார்.